சிக்ஸ் லைன் ராஸை ரீஃப் தொட்டியில் விடலாமா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடல் மீன் விற்கும் கடைகளில் சிக்ஸ் லைன் ராஸுக்கு எப்போதும் ஆள் உண்டு. நீல ஊதா உடம்பு, அதில் படுக்கைவாட்டில் ஆறு ஆரஞ்சுக் கோடுகள், பச்சை படிந்த வால், ஓயாமல் சுழலும் சிவந்த கண். ஒரு பொந்தில் நுழைந்து வேறு பக்கம் வெளியே வரும். தலையைச் சாய்த்துப் பாறையை உற்றுப் பார்க்கும், நம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றைக் கொத்தும், மறுபடி நழுவிவிடும். ரீஃப் தொட்டியில், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், பவளத்தைத் தொடாது, பெரும்பாலும் முதல் இரண்டு நாளிலேயே சாப்பிடத் தொடங்கும், மற்ற பல ராஸ் வகைகளைவிட விலையும் குறைவு.

இதே மீன்தான் சில மாதம் அமைதியாக இருந்துவிட்டு, அதன் பிறகு வரும் சிறு மீன்களை ஒவ்வொன்றாகத் துரத்தி ஒடுக்குகிறது. எல்லாத் தொட்டியிலும் அப்படி நடப்பதில்லை. நடக்கும் தொட்டியில் தாக்கப்படும் மீன் சாப்பிடுவதை நிறுத்தும், மூலையில் ஒதுங்கும், சில நாளில் சாகும் அல்லது வெளியே குதிக்கும். அதனால் "விடலாம்", "விடக்கூடாது" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. தொட்டியின் நீளம், பாறை அடுக்கிய விதம், உள்ளே இருக்கும் மீன்கள், இனி வாங்க நினைக்கும் மீன்கள் ஆகியவற்றைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, தேவைப்பட்டால் இதைத் திரும்பப் பிடிக்க உங்களிடம் வழி இருக்கிறதா என்பது. பிடிக்க வழி இல்லாத தொட்டியில் இந்த மீனை விட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

"ரீஃப் சேஃப்" என்றால் எதற்குச் சேஃப்?

கடைக்காரர் "ரீஃப் சேஃப்" என்று சொன்னால், அந்த மீன் பவளத்தைக் கடிக்காது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மீனோடு எப்படிப் பழகும், இறாலை விட்டுவைக்குமா என்பதையெல்லாம் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை யாரோடும் சண்டைக்குப் போகாது, ஆனால் குழாய்ப் புழுக்களைத் தின்றுவிடும். லயன் ஃபிஷ் பவளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தாலும் அதைக் கடிக்காது, யாரையும் துரத்தாது. ஆனால் வாய்க்குள் அடங்கும் மீனையும் இறாலையும் விழுங்கிவிடும். சிக்ஸ் லைன் இந்த இரண்டிலும் சேராது. பவளம் அதனிடம் பத்திரம். லைஸ்மாட்டா போன்ற பெரிய க்ளீனர் இறால்களும் பொதுவாகப் பத்திரம். செக்ஸி ஷ்ரிம்ப் மாதிரியான பொடி இறால்களுக்கும், தோலுரித்த அன்று உடம்பு மென்மையாக இருக்கும் இறால்களுக்கும் ஆபத்து உண்டு. முழுச் சிக்கலும் மீன்களோடுதான்.

முதலில், எதற்காக வாங்குகிறீர்கள்?

பலர் இந்த மீனைப் பூச்சி ஒழிக்க வாங்குகிறார்கள். அது அரைகுறையாகவே சரி. பிரிசில் புழு, சிறு தட்டைப்புழு, ட்ரைடாக்னா என்னும் பெரிய சிப்பியின் ஓரத்தில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் அரிசி அளவு பிரமிடெலிட் நத்தை ஆகியவற்றை இது தேடித் தின்னும். ஆனால் ஒரு மீன் தின்னும், இன்னொன்று திரும்பிக்கூடப் பார்க்காது. நன்றாகத் தீனி கிடைக்கும் தொட்டியில் வேட்டையாடும் ஆர்வமும் குறைந்துவிடும்.

அதனால் பூச்சிதான் காரணம் என்றால் முதலில் அந்தப் பூச்சியை அடையாளம் காணுங்கள். சாதாரண பிரிசில் புழு கெடுதல் செய்வதில்லை. பாறை இடுக்கில் தங்கும் மிச்சத் தீனியைத் தின்று சுத்தம் செய்கிறது. அது பெருகிவிட்டது என்றால் தீனி அதிகமாகப் போகிறது என்று பொருள். தீனியைக் குறைத்தாலே போதும். சிவப்புத் தட்டைப்புழு கண்ணாடியிலும் மணலிலும் படர்ந்திருந்தால், தண்ணீர் மாற்றும்போது 6 மில்லிமீட்டர் ஏர் டியூபால் உறிஞ்சி எடுப்பதுதான் முதல் வேலை. அவை ஒரேயடியாகச் செத்தால் உடம்பிலிருந்து நஞ்சு வெளியாகும், அதனால் மருந்து ஊற்றுவதற்கு முன் எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும். அக்ரோபோரா என்னும் கிளைப் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவுக்கு இந்த மீனை நம்ப வேண்டாம். முட்டைகள் பவளத்தின் அடித்தண்டில் ஒட்டியிருக்கும், மீன் அவற்றைத் தொடாது. புதிய பவளத்தை உள்ளே வைக்கும் முன் மருந்துத் தண்ணீரில் முக்கி டிப் செய்வதும், அடியில் முட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சுரண்டி எடுப்பதும்தான் இதற்கு வழி.

பூச்சி தின்னும் மீன் ஒன்று வேண்டும், ஆனால் தொட்டி அமைதியாகவும் இருக்க வேண்டும் என்றால் யெல்லோ கோரிஸ் என்று விற்கும் மஞ்சள் ராஸைப் பாருங்கள். 12 சென்டிமீட்டர் வரை வளரும், இதே பூச்சிகளைத் தேடும், குணத்தில் சிக்ஸ் லைனைவிடப் பல மடங்கு சாது. இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும் மீன் என்பதால் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மெல்லிய மணல் வேண்டும். வெறும் கண்ணாடித் தரையில் அதை வைப்பது கொடுமை. பிங்க் ஸ்ட்ரீக்டு ராஸ் இன்னும் சாது, 6 சென்டிமீட்டருக்கு மேல் போகாது, ஆனால் கடைகளில் அடிக்கடி கிடைக்காது.

அழகுக்காகத்தான் சிக்ஸ் லைன் வேண்டும் என்றால் அதுவும் நியாயமான காரணம்தான். தொடர்ந்து படியுங்கள்.

உள்ளே இருப்பவை, இனி வரப்போகிறவை

ஒரு தாளை எடுத்து இரண்டு பட்டியல் எழுதுங்கள். இப்போது தொட்டியில் இருக்கும் மீன்கள் ஒன்றில், அடுத்த ஓராண்டில் வாங்க நினைக்கும் மீன்கள் மற்றொன்றில். இரண்டாவது பட்டியல்தான் முடிவைச் சொல்லும். சிக்ஸ் லைன் தனக்கு முன்பே குடியேறிய மீனைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. தனக்குப் பிறகு வருவதைத்தான் எதிர்க்கிறது. பாறை முழுவதையும் சுற்றித் திரிந்து இரை தேடும் மீன் அது, ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு உட்காராது. சில வாரத்தில் தொட்டி முழுவதும் அதன் எல்லையாகிவிடுகிறது. ஆகவே இரண்டாவது பட்டியலில் சிறு மீன் ஒன்றாவது மிச்சம் இருந்தால் சிக்ஸ் லைனை இப்போது வாங்காதீர்கள். வரிசையில் கடைசி மீன் அதுதான்.

யாரைக் குறிவைக்கும் என்பதையும் ஓரளவு முன்கூட்டிச் சொல்லலாம். தன்னைப் போல நீண்டு மெலிந்த உடம்பு, தான் தின்னும் அதே பொடி இரை, தான் புகும் அதே பொந்து. இவற்றில் ஒன்று ஒத்துப்போனாலும் உரசல் வரும். ஃபேரி ராஸ், ஃப்ளாஷர் ராஸ் இரண்டும் முதல் இலக்கு. ஃபயர்ஃபிஷ் தனி வகையில் பாவம். துரத்தினால் எதிர்க்கத் தெரியாது, மேலே பாயும், மூடி இல்லாவிட்டால் தரையில்தான் கிடக்கும். நியான் கோபி, யெல்லோ க்ளௌன் கோபி, சிறு ப்ளென்னிகள், ராயல் கிராமா ஆகியவையும் பாதுகாப்பானவை என்று சொல்ல முடியாது. இன்னொரு சிக்ஸ் லைனை ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

மாண்டரின் மீன் வைத்திருப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். அடி விழாமலே மாண்டரின் சாகக்கூடும். அது நாள் முழுக்கக் காபிபாட் என்னும் பொடி ஓட்டுயிரிகளைக் கொத்தியே உயிர் வாழ்கிறது. அதே காபிபாடை அதைவிட வேகமாகப் பொறுக்கும் மீன் சிக்ஸ் லைன். சில மாதத்தில் மாண்டரினின் வயிறு ஒட்டி, முதுகில் எலும்பு தெரியத் தொடங்கும். உறைந்த தீனி தின்னப் பழகாத மாண்டரின் இருக்கும் தொட்டிக்கு எங்கள் பதில் "வேண்டாம்".

ஈடு கொடுக்கக் கூடியவை: ஜோடி க்ளௌன் ஃபிஷ், யெல்லோ டேங், ஃபாக்ஸ்ஃபேஸ், ஓரளவு வளர்ந்த கார்டினல் கூட்டம், ஃப்ளேம் ஹாக்ஃபிஷ் போன்ற உறுதியான மீன்கள்.

தொட்டி தாங்குமா?

லிட்டர் கணக்கைவிட நீளமும் ஒளிவிடமும்தான் முக்கியம். 120×45×45 சென்டிமீட்டர் தொட்டி கணக்கில் 243 லிட்டர். பாறையும் மணலும் போக 200 லிட்டர் அளவில் தண்ணீர் நிற்கும். இந்த நீளத்தில் துரத்தப்படும் மீன் மறுகோடிக்குப் போய்ப் பார்வையிலிருந்து மறைய முடியும். 90 சென்டிமீட்டர் தொட்டியில் நிபந்தனைகளோடு விடலாம். 60 சென்டிமீட்டர் தொட்டி என்றால் ஜோடி க்ளௌனும் இதுவும் மட்டும், வேறு மீன் இனி வரவே வராது என்று உறுதியாக இருந்தால்தான். அப்படியும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பாறை நடுவில் ஒரே குன்றாக நின்றால் துரத்தும் மீன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாப் பக்கத்தையும் காவல் காக்கும். இரண்டு மூன்று திட்டுகளாகப் பிரித்து, நடுவே 10 முதல் 12 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். பின்கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவே 7 சென்டிமீட்டராவது இருக்கட்டும். பாசி சுரண்டவும் உதவும், தப்பி ஓடும் மீனுக்கு வழியாகவும் இருக்கும். பொந்துகளுக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும். ஒரே வாசல் உள்ள பொந்தில் நுழைந்த மீன் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டு அடி வாங்கும். தொட்டியில் இருக்கும் மீன்களைவிட அதிக எண்ணிக்கையில் பொந்து இருக்கிறதா என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

மூடி கட்டாயம். சிக்ஸ் லைன் குதிக்கும், அது துரத்தும் மீனும் குதிக்கும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் 27 டிகிரியைத் தாண்டாமல் இருக்க மேலே ஃபேன் வைப்பதற்காகப் பலர் மூடியை எடுத்துவிடுகிறார்கள். கண்ணாடி மூடி தேவையில்லை. கொசுவலை ஜன்னலுக்குப் போடும் அலுமினியச் சட்டத்தில் 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள நிறமில்லாத நைலான் வலையை இழுத்துக் கட்டினால் ஃபேன் காற்றும் போகும், பவளத்துக்கு வெளிச்சமும் குறையாது. வயர், பைப் நுழையும் மூலைகளை அடைக்க மறக்காதீர்கள். மீன் தாண்டுவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோவின் பல்லிடுக்கில் சிறு ராஸ் நழுவி, கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டியான சம்ப்புக்குள் போவதும் உண்டு. மீனைக் காணவில்லை என்றால் ஃபில்டர் சாக்ஸை முதலில் பாருங்கள்.

கடையில் பார்க்க வேண்டியது

4 அல்லது 5 சென்டிமீட்டர் குட்டியை எடுங்கள். இயற்கையில் 10 சென்டிமீட்டர் வரை போகும், தொட்டியில் பெரும்பாலும் 7 அல்லது 8. முழு வளர்ச்சி அடைந்த மீன் வந்த வாரத்திலேயே அதிகாரம் செய்யத் தொடங்கும். குட்டி என்றால் இருப்பவர்களுக்குப் பணிந்து இடம் பிடித்துப் பழகும்.

உங்கள் கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். மைசிஸையோ ஆர்ட்டீமியாவையோ (இரண்டும் தீனியாக விற்கும் பொடி இறால் வகைகள்) பாய்ந்து எடுக்க வேண்டும். வயிறு உள்வாங்கியிருந்தாலும், செவுள் படபடவென அடித்துக்கொண்டாலும், உடம்பைப் பாறையில் உரசிக்கொண்டே இருந்தாலும் அன்றைக்கு வாங்க வேண்டாம். கடையின் உப்பளவையும் கேளுங்கள். ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தவும் உப்புச் செலவைக் குறைக்கவும் சில கடைகள் 1.018 முதல் 1.020 வரை (நல்ல தண்ணீரை 1 என்று வைத்து அளக்கும் அடர்த்தி) வைத்திருக்கும். உங்கள் ரீஃப் தொட்டி 1.025-ல் இருக்கும். இந்த வித்தியாசத்தில் மீனை நேராக மாற்றினால் அடுத்த சில நாளில் தளர்ந்து உட்கார்ந்துவிடும்.

இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும்: "ஒத்துவரலைன்னா திரும்ப எடுத்துக்குவீங்களா?" பணம் திரும்ப வராது, மீனுக்குப் போக இடம் இருக்கும். இந்த ஒரு பதிலை வாங்காமல் மீனை வாங்காதீர்கள்.

தனித்தொட்டியில் 30 நாள்

ரீஃப் தொட்டியில் மருந்து ஊற்ற முடியாது. மீனைக் காப்பாற்றும் செம்பு, பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொல்லும். ஆகவே குவாரன்டைன் சலுகை அல்ல, கட்டாயம்.

45 லிட்டர் வெறும் தொட்டி, ஒரு தெர்மாமீட்டர், இரண்டு மூன்று பிவிசி எல்போ, முக்கியத் தொட்டியின் சம்ப்பில் மூன்று வாரமாவது ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், அம்மோனியா டெஸ்ட் கிட். இவ்வளவு போதும். சிக்ஸ் லைன் மணலில் புதைவதில்லை, மணல் வேண்டாம். தண்ணீரின் உப்பளவைக் கடையின் அளவுக்கே கலந்து தயாராக வையுங்கள். பிறகு ஒரு நாளைக்கு 0.002-க்கு மேல் போகாமல் ஏற்றி 1.025-க்குக் கொண்டுவாருங்கள். கோடை, குளிர் எதுவானாலும் 25 முதல் 27 டிகிரிக்குள் நிறுத்துங்கள்.

உள்ளூர்க் கடையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்த மீன் என்றால் 30, 40 நிமிடம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலக்கலாம். வெளியூரிலிருந்து பெட்டியில் ஒரு நாள் பயணம் செய்து வந்த மீனுக்கு இது கூடாது. பைக்குள் அம்மோனியா சேர்ந்திருக்கும், கூடவே மீன் விட்ட கார்பன் டைஆக்சைடால் பிஎச் இறங்கியிருப்பதால் அதன் நஞ்சு அடங்கியிருக்கும். பையைப் பிரித்ததும் கார்பன் டைஆக்சைடு வெளியேறும், பிஎச் ஏறும், அதே அம்மோனியா நஞ்சாக மாறும். அந்தத் தண்ணீரிலேயே மீனை ஒரு மணி நேரம் வைத்திருப்பது கெடுதல். பையை மூடியபடி 15 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்து, பிரித்த உடனே மீனை மட்டும் எடுத்து, உப்பளவு பொருந்திய தண்ணீரில் விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

முதல் காலையில் எல்போவுக்குள் கண்ணாடித் தாள் போல மெல்லிய சளிப் பை ஒன்று மிதந்தால் பயப்பட வேண்டாம். இரவில் தன்னைச் சுற்றி அந்தப் பையை நெய்துகொண்டுதான் இந்த மீன் தூங்கும். விடிந்ததும் கிழித்துக்கொண்டு வரும். அதை வெளியே எடுத்துப் போட்டுவிடுங்கள்.

உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி வந்து இரண்டு மூன்று நாளில் மறைந்தால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி மீனிலிருந்து உதிர்ந்து தரையில் கூடு கட்டிப் பெருகி மறுபடி வரும். ராஸ் வகைகள் செம்புக்குக் கொஞ்சம் நுணுக்கம் பார்ப்பவை. மருந்தை டப்பாவில் போட்ட முழு அளவுக்கு ஒரே நாளில் ஏற்றாமல் நான்கைந்து நாளில் ஏற்றுங்கள், தினமும் செம்பு டெஸ்ட் கிட்டால் அளந்து பாருங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் 30 நாள் முழுதாக இருக்கட்டும். இந்த நாள்களில் உறைந்த மைசிஸ், சிறு பெல்லட் இரண்டையும் பழக்கிவிடுங்கள். பின்னால் பொறி வைக்கும்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

விடும் நாள்

முக்கியத் தொட்டிக்குள் 20×15×15 சென்டிமீட்டர் அளவில் துளையிட்ட அக்ரிலிக் பெட்டியைத் தொங்கவிட்டு, அதில் 5 முதல் 7 நாள் மீனை வையுங்கள். ஃபால்ஸ் சீலிங் கடைகளில் கிடைக்கும் லைட் டிஃப்யூசர் கட்டத்தில் பெட்டி செய்கிறவர்கள் கவனிக்க: அதன் கட்டம் 12 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், குட்டி ராஸ் நழுவிப் போய்விடும். உள்ளே 5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் வலையைக் கேபிள் டையால் கட்டுங்கள். ஒளிய ஓர் எல்போவும் போடுங்கள்.

இந்தப் பெட்டி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் டேங்கோ டேம்சலோ புதியவனை ஏற்றுக்கொள்கிறதா என்று காட்டும். முதல் நாள் பெட்டியை முட்டுவார்கள், நான்காம் நாள் கண்டுகொள்ளாமல் போவார்கள், அப்போது திறக்கலாம். ஒரு வாரம் கழித்தும் யாராவது பெட்டியை விட்டு நகராமல் நின்றால் திறக்க வேண்டாம். ஆனால் சிக்ஸ் லைனின் குணத்தை இந்தப் பெட்டி காட்டவே காட்டாது. அது தெரிய வாரங்கள் ஆகும். பெட்டிச் சோதனை நன்றாக முடிந்ததை நம்பி அடுத்த வாரமே ஒரு ஃபயர்ஃபிஷ் வாங்கி வருவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

விளக்கு அணைந்து அரை மணி கழித்துப் பெட்டியைத் திறந்துவிடுங்கள். திறக்கும் முன் மற்ற மீன்களுக்கு வயிறு நிறையத் தீனி போடுங்கள். டேங் தொல்லை கொடுத்தால் மறுநாள் தொட்டிக்கு வெளியே கண்ணாடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். டேங் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டும் நேரத்தில் புதியவன் பொந்து பிடித்துக்கொள்வான். இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

துரத்தலைப் படிப்பது

ஒரு முழம் தூரம் பாய்ந்துவிட்டு நின்று திரும்பினால் அது எல்லைச் சச்சரவு. தீனி நேரத்தில் இது எப்போதும் இருக்கும், கவலை வேண்டாம். ஓடிய மீன் பொந்துக்குள் போன பிறகும் உள்ளே நுழைந்து தொடர்ந்தால், அல்லது வாசலில் நின்று காவல் காத்தால் அது வேறு விஷயம். அன்றே நடவடிக்கை வேண்டும்.

தாக்கப்படும் மீனைப் பார்த்தால் இன்னும் உறுதியாகத் தெரியும். துடுப்பு ஓரம் கிழிந்திருக்கும், பக்கவாட்டில் செதில் உதிர்ந்த வெளிறிய தழும்பு இருக்கும். தண்ணீர் மட்டத்தில் ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும். தீனி கண் முன்னால் மிதந்தாலும் வராது. இந்தக் கடைசி அறிகுறியை மட்டும் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

முதல் இரண்டு மணி நேரம், முதல் மூன்று நாள், பிறகு இரண்டாம் மாதம். இந்த மூன்று கட்டத்திலும் கூர்ந்து பாருங்கள். இரண்டாம் மாதத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், சிக்ஸ் லைன் தலை எடுப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

பசி சண்டையைக் கூட்டும். நாளைக்கு ஒரு தடவை அள்ளிப் போடுவதற்குப் பதில் இரண்டு நிமிடத்தில் தீரும் அளவாக மூன்று தடவை, தொட்டியின் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். உறைந்த தீனியை உருக்கி வடிகட்டி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பாஸ்பேட் ஏறும். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். இதைத் தாண்டினால் தீனியைக் குறைக்கும் முன் நுரையால் அழுக்கைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரையும் தண்ணீர் மாற்றும் அளவையும் பாருங்கள்.

மற்ற சண்டைக்கார மீன்கள்

இதே முறையில் வேறு மீன்களையும் எடைபோடலாம். டாமினோ டேம்சல், மூன்று கோடு டேம்சல் இரண்டும் மலிவு, குட்டியில் அழகு, வளர்ந்தால் சிறு தொட்டியில் யாரையும் வாழவிடாது. புதுத் தொட்டியைப் பழக்க அவற்றை முதல் மீனாக விடும் பழைய வழக்கத்தைக் கைவிடுங்கள். மரூன் க்ளௌன் மற்ற க்ளௌன்களோடு சேராது, பெண் மீன் உங்கள் கையையும் கடிக்கும். ராயல் டாட்டிபேக் சிக்ஸ் லைனுக்குச் சமமான முரடு. அதற்குப் பதில் செங்கடலின் ஆர்க்கிட் டாட்டிபேக்கை எடுக்கலாம். சோஹல் டேங்கும் க்ளௌன் டேங்கும் 35 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும், வாலடியில் கத்தி போன்ற முள் உண்டு. வீட்டுத் தொட்டிக்கு அவை பொருந்தா. ட்ரிகர்களில் ப்ளூ த்ரோட் ஒன்றைத்தான் பெரிய ரீஃப் தொட்டிக்கு யோசிக்கலாம். அண்டுலேட்டட் ட்ரிகர் என்றால் தனித்தொட்டிதான்.

பிடிக்கும் வழி

பவளங்கள் ஒட்டிய தொட்டியில் வலையை விட்டுத் துழாவினால் மீன் சிக்காது, பவளம்தான் உடையும். பொறிதான் வழி. மீன் வாங்கும் முன்பே இதைச் செய்து வையுங்கள்.

2 லிட்டர் குளிர்பான பாட்டில் போதும். லேபிளையும் பசையையும் சோப்புப் படாமல் சுத்தம் செய்யுங்கள். தோள்பட்டைக்குக் கீழே வெட்டி, வாய்ப்பகுதியைத் தலைகீழாக உள்ளே செருகி, நான்கு இடத்தில் கேபிள் டையால் கட்டுங்கள். உடற்பகுதியில் 4 மில்லிமீட்டர் துளைகள் இருபது, முப்பது போடுங்கள். தீனியின் வாசனை அதன் வழியாகத்தான் பரவும், உள்ளே சிக்கிய மீனுக்கு நீரோட்டமும் அதன் வழியாகத்தான். எடைக்கு உங்கள் தொட்டியிலேயே இருக்கும் பாறையில் (லைவ் ராக்) துண்டு இரண்டைப் போடுங்கள். தெருக்கல் வேண்டாம்.

பொறியை வைத்த அன்றே பிடிக்க நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முதலில் தலைகீழ் வாயைச் செருகாமல் வெறும் பாட்டிலை மட்டும் அது அதிகம் திரியும் இடத்தில் படுக்கவையுங்கள். மூன்று நான்கு நாள் மைசிஸை அதற்குள் மட்டும் பிப்பெட்டால் விடுங்கள். தயங்காமல் உள்ளே போய் வரும்போது வாயைச் செருகி, காலையில் முதல் தீனிக்கு முன் வையுங்கள். அருகிலேயே இருங்கள். வேறு மீன் சிக்கினால் உடனே விடுவிக்க வேண்டும், இரவு முழுக்கப் பொறியை விட்டுவைக்கக் கூடாது.

இன்னொரு வழி, அது தூங்கும் பாறையைக் கண்டுபிடிப்பது. விளக்கு அணையும் நேரத்தில் எந்தப் பொந்துக்குள் போகிறது என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள், பெரும்பாலும் அதே இடம்தான். அது தனியாக எடுக்கக்கூடிய பாறை என்றால், ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் பாறையோடு தூக்கி, தொட்டித் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டில் வைத்துவிடலாம்.

பிடித்த மீனைக் கடைக்கோ, ஒத்துவரும் தொட்டி உள்ள நண்பருக்கோ கொடுங்கள். கடலில் விடாதீர்கள், அது நம் கடலிலேயே வாழும் இனமாக இருந்தாலும் சரி. தொட்டியில் தொற்றிய நோய் அதனுடன் போகும். இந்தோ-பசிபிக் லயன் ஃபிஷ் 1985-ல் ஃப்ளோரிடா கடலில் முதலில் பதிவானது. தொட்டியிலிருந்து விடப்பட்ட மீன்களே மூலம் என்று கருதப்படுகிறது. இன்று கரீபியன் பவளத்திட்டுகளில் அது உள்ளூர்க் குஞ்சு மீன்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது.

பிறகு ஒரு மீன் சேர்த்தே ஆக வேண்டும் என்றால்

சிக்ஸ் லைன் இருக்கும் தொட்டியில் பின்னால் ஒரு மீனைச் சேர்க்க வேண்டி வந்தால் புதியவனைப் பெட்டியில் போடுவதோடு நிறுத்தாதீர்கள். பொறி வைத்துச் சிக்ஸ் லைனைப் பிடித்து அதைப் பெட்டியில் போடுங்கள், அல்லது சம்ப்பில் பம்ப் இல்லாத அறையில் வையுங்கள். இரண்டு வாரம். அதற்குள் புதிய மீன் தொட்டி முழுவதும் சுற்றி, தூங்குமிடம் பிடித்து, எல்லோர் முன்னாலும் சாப்பிடப் பழகியிருக்கும். சிக்ஸ் லைன் திரும்பி வரும்போது எல்லையை மறுபடி முதலிலிருந்து பிடித்தாக வேண்டும். புதியதாக வருவது சிக்ஸ் லைனைவிட நீளமாகவும், உடல்வாகில் வேறாகவும் இருக்கட்டும். திறந்துவிட்ட பின் மூன்று நாள் பொறி பாட்டிலை வாய் செருகாமல் தொட்டிக்குள்ளேயே விட்டுவைத்து, தீனியில் ஒரு பங்கை அதற்குள் போட்டுவாருங்கள். துரத்தல் பொந்துக்குள் தொடர்ந்தால் அன்றே வாயைச் செருகிவிடலாம்.